ஒத்திவைக்க முடியாத சிகிச்சை

பிரசவம் உள்ளிட்ட எந்த அவசர சிகிச்சையையும் கரோனா பரிசோதனை முடிவு இல்லை என்பதற்காகத் தாமதப்படுத்தக் கூடாது. பரிசோதனை வசதி இல்லை என்று சொல்லிக் கர்ப்பிணிகளை வேறு மருத்துவமனைக்கு அனுப்பவும் கூடாது. 2020 செப்டம்பர் 4 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) வெளியிட்ட வழிகாட்டுதலில் இவை இரண்டும் தெளிவாகவே இருந்தன. மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் கடைசியில், கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் இரட்டைக் கரு சுமந்த ஒரு பெண் வலியோடு மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்தார். அவர் ஏற்கெனவே கரோனா வந்து குணமானவர். ஆர்டி-பிசிஆர் முடிவு வேண்டும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டார். இரண்டு சிசுக்களையும் இழந்தார். அதற்கு முன்பு ஜூன் மாதத்தில் டெல்லியை ஒட்டிய நொய்டாவில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் எட்டு மருத்துவமனைகளின் வாசலில் 13 மணி நேரம் அலைந்து, கடைசியில் ஆம்புலன்ஸிலேயே இறந்தார். இரண்டு செய்திகளும் நாளிதழ்களில் வந்தன. விசாரணைக்கு உத்தரவும் போடப்பட்டது. ஆனால், அன்றாடம் மாலையில் வெளியான கரோனா அறிக்கையில் இந்த உயிர்களுக்கு இடமே இல்லை. அதில் தொற்று, குணம், மரணம் என்ற மூன்று கட்டங்கள்தாம். தொற்றைத் தடுக்கப் போட்ட விதியால் ஒருவர் இறந்தால் அதை எழுத ஒரு கட்டம் கிடையாது. மகப்பேறு, மகளிர் மருத்துவத்தில் நடந்த தவறுகளுக்கெல்லாம் வேர் இந்த இல்லாத கட்டம்தான் என்பது என் வாதம். அடுத்த பெருந்தொற்றில் பிரசவ வார்டின் மீது விதிக்கப்படும் ஒவ்வொரு கட்டுப்பாடும், தான் தடுக்கும் தீங்கோடு தான் விளைவிக்கும் தீங்கையும் சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும்.

இது வெறும் ஊகம் அல்ல என்பதற்கு அண்டை நாடான நேபாளத்தில் சான்று இருக்கிறது. அங்கே ஒன்பது மருத்துவமனைகளில் பிரசவங்களை ஆய்வாளர்கள் முன்பிருந்தே தொடர்ந்து பதிவு செய்துகொண்டிருந்தார்கள். 2020 மார்ச்சில் பொது முடக்கம் வந்தபோது அந்தப் பதிவு நிற்கவில்லை. அதனால் முன்னும் பின்னும் ஒப்பிட முடிந்தது. ஆகஸ்டில் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான முடிவுகள் கசப்பானவை. மருத்துவமனைப் பிரசவங்கள் பாதிக்கு மேல் சரிந்தன. சிசு இறந்து பிறப்பது ஆயிரத்துக்கு 14 என்பதிலிருந்து 21 ஆனது. பிறந்து பிழைக்காமல் போன பச்சிளங்குழந்தைகள் ஆயிரத்துக்கு 13 என்பதிலிருந்து 40 ஆனார்கள். இவற்றை விடவும் என்னை யோசிக்க வைப்பது இன்னொரு முடிவு. பிரசவ அறைகளில் கை கழுவும் பழக்கம் அந்த வாரங்களில் கணிசமாகக் கூடியது. அதே அறைகளில், அதே பணியாளர்கள், வலியின்போது குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பது ஏறக்குறைய அதே அளவுக்குக் குறைந்தது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பதும் சற்றுக் குறைந்தது. அலட்சியம் என்று இதைச் சொல்லிவிட முடியாது. எதைச் செய்தால் மேலிடம் கேட்குமோ அதைச் செய்தார்கள். எதைச் செய்யாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்களோ அது நழுவியது.

புள்ளியியல் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி எழுப்புவார்கள். பாதிப் பேர் வராதபோது, வந்தவர்கள் சிக்கலான பிரசவங்களாகத்தானே இருந்திருப்பார்கள். அதனால் இறப்பு விகிதம் கூடித் தெரியலாமே என்பார்கள். நியாயமான கேள்வி. கூடிய விகிதத்தில் ஒரு பகுதி இப்படி வந்திருக்கலாம். ஆனால், இதயத் துடிப்பைக் கேட்காமல் விட்டதற்கு இது காரணமாக முடியாது. சிக்கலான பிரசவம் என்றால் அதை இன்னும் அடிக்கடி அல்லவா கேட்டிருக்க வேண்டும்? தவிரவும், வராத அந்தப் பாதிப் பெண்கள் பிரசவிக்காமல் இருந்துவிடவில்லை. எங்கோ, யாரோ பார்க்க, அல்லது பார்க்க ஆளில்லாமல், பெற்றெடுத்தார்கள். அவர்களில் இழந்தவர்கள் எத்தனை பேர் என்பது மருத்துவமனைப் புள்ளிவிவரத்தில் வராது. பதினேழு நாடுகளின் 40 ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான இன்னொரு ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில் தாய் இறப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருந்தது. சிசு இறந்து பிறப்பது கால் பங்குக்கும் மேல் கூடியிருந்தது. கூடுதல் தீங்கு பெரும்பாலும் வசதி குறைந்த நாடுகளில்தான் விழுந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

அந்த நேரத்தில் யாருக்கு என்ன தெரியும், புதிய கிருமி, எல்லோரும் இருட்டில் துழாவிக்கொண்டிருந்தோம் என்ற சமாதானம் அடிக்கடி சொல்லப்படுகிறது. கிருமி புதியது, உண்மை. பெருந்தொற்று வந்தால் பிரசவ வார்டுக்கு என்ன ஆகும் என்பது புதியதல்ல. 2014-15இல் சியரா லியோனில் எபோலா பரவியபோது கர்ப்பிணிகள் மருத்துவமனைக்கு வர அஞ்சினார்கள். வந்தவர்களைத் தொடச் செவிலியர்கள் அஞ்சினார்கள். தாய்மார், பச்சிளங்குழந்தைகள், இறந்து பிறந்த சிசுக்கள் என்று அந்த ஓர் ஆண்டில் கூடுதலாகப் போன உயிர்கள், மிகக் குறைத்து மதிப்பிட்டாலும் 3,600 என்று பிறகு கணக்கிட்டார்கள். எபோலாவால் அந்த நாட்டில் நேரடியாக இறந்தவர்களே ஏறத்தாழ 4,000 பேர்தான். இந்த ஆய்வு வெளியாகி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகுதான் கரோனா வந்தது. உலக சுகாதார நிறுவனமும் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்தது: தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரசவத்தின்போது தான் விரும்பும் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளப் பெண்ணுக்கு உரிமை உண்டு, தாயையும் சேயையும் பிரிக்க வேண்டியதில்லை, தாய்ப்பால் கொடுக்கலாம். இந்திய அரசும் 2020 ஏப்ரல் நடுவிலேயே மகப்பேறு, கருக்கலைப்பு உள்ளிட்டவற்றை அத்தியாவசியச் சேவைகள் என்று வகைப்படுத்திவிட்டது. ஆக, குறை அறிவில் இல்லை. காகிதத்தில் இருந்ததைக் கண்காணிக்க ஆள் வைக்காததுதான் குறை.

பிரசவ அறைக்குத் துணைக்கு ஓர் ஆள் வருவதை எடுத்துக்கொள்வோம். நிர்வாகத்தின் கண்ணில் அது சலுகை. கூட்டம் கூடினால் முதலில் பிடுங்கத்தக்கது. மருத்துவச் சான்று வேறு விதமாகப் பேசுகிறது. பதினேழு நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வின்படி, வலி தொடங்கியது முதல் ஒருவர் கூடவே இருந்த பெண்களுக்கு சிசேரியன் கால் பங்கு குறைந்தது, வலி நேரம் குறைந்தது, குழந்தைகளின் நிலையும் மேம்பட்டிருந்தது. இப்படி ஒரு மாத்திரை இருந்தால் எந்த அரசும் அதைக் கொள்முதல் பட்டியலில் சேர்த்திருக்கும். மத்திய அரசு 2016-இல்தான் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதித்தது. தமிழகம் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இதைத் திட்டமாகவே கொண்டுவந்தது என்பதில் நமக்குப் பெருமை உண்டு. அதனால்தான் கேள்வியும் நமக்கு அதிகம். கூட இருப்பவர் தண்ணீர் கொடுக்கவும் முதுகு நீவவும் மட்டும் இருப்பதில்லை. ரத்தப்போக்கு கூடினால் ஓடிப்போய்ச் சொல்வது அவர்தான். வலியில் கத்தும் பெண்ணை ஏசும் பழக்கம் நம் பிரசவ அறைகளில் இன்னும் ஒழியவில்லை. பார்க்க ஒரு ஆள் இருந்தால் அந்த ஏச்சு குறையும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே.

நியூயார்க்கில் 2020 மார்ச்சில் சில பெரிய மருத்துவமனைகள் கணவன் உட்பட யாரும் பிரசவ அறைக்குள் வரக் கூடாது என்றன. உலகிலேயே தொற்று உச்சத்தில் இருந்த நகரம் அது. அங்கேயே சில நாட்களில் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ நிர்வாக உத்தரவு பிறப்பித்து, ஒரு துணையை எல்லா மருத்துவமனைகளும் அனுமதித்தே ஆக வேண்டும் என்றார். ஒரே வீட்டில், ஒரே அறையில் தூங்கி எழுந்து வரும் இருவரில் ஒருவரை மட்டும் வாசலில் நிறுத்துவதால் தடுக்கப்படும் தொற்று எவ்வளவு என்று யாராவது கேட்டிருந்தால் நம் ஊரிலும் இதைத் தீர்த்திருக்கலாம். இங்கே நடைமுறைச் சிக்கல் வேறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே கூடத்தில் வரிசையாகப் பிரசவ மேசைகள், நடுவில் திரைகூட இல்லாத அறைகள் நம்மிடம் உண்டு. அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு துணை என்றால் கூட்டம் சேரும்தான். ஆனால், அந்த நெருக்கடி கரோனாவால் வந்ததல்ல. திரை போடாமல் விட்டது பழைய கடன். அதன் வட்டியைப் பெருந்தொற்றில் பெண்கள் கட்டினார்கள்.

சேயைத் தாயிடமிருந்து பிரித்து வைத்த நடைமுறையும் இப்படித்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2020 ஏப்ரலில், தொற்றுள்ள தாயிடமிருந்து குழந்தையைத் தற்காலிகமாகப் பிரிப்பது பாதுகாப்பு என்றது. ஜூலையில் சான்றுகளைப் பார்த்துவிட்டு, இருவரும் ஒரே அறையில் இருக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. மாற்றிக்கொண்டது பாராட்டத்தக்கது. ஆனால், பல நாடுகளின் மருத்துவமனைகளில் பழைய வழக்கம் அதன் பிறகும் நீடித்தது. எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு உலகெங்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்தால் 1,25,000க்கு மேற்பட்ட உயிர்களைக் காக்கலாம். அப்படி அணைப்பதால் கரோனா தொற்றி இறக்கக்கூடியவை 2,000க்கும் குறைவு. 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாளிகளும் வெளியிட்ட இந்தக் கணக்குத்தான் நான் கேட்கும் இரு பக்கக் கணக்கு. அது போடப்பட்டதும் விவாதமே முடிந்துவிடுகிறது.

பிரசவத்துக்காவது தேதி இருக்கிறது. வலி வந்தால் யாராவது பார்த்தாக வேண்டும். மகளிர் மருத்துவத்தின் மற்ற பகுதிகளுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. கருப்பை நார்த்திசுக் கட்டியால் மாதம் பத்து நாள் உதிரப்போக்கு, அதற்கு அறுவை சிகிச்சை. மருத்துவமனைப் பட்டியலில் இது அவசரமற்றது. முதல் அலையில் இத்தகைய அறுவை சிகிச்சைகள் உலகெங்கும் நிறுத்தி வைக்கப்பட்டன. ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குள் உள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேற்பட்டவர்கள் ரத்தம் குறைந்திருக்கும் நாட்டில் மாதக்கணக்கில் தொடரும் உதிரப்போக்கை அவசரமற்றது என்று வகைப்படுத்தியது யார், எந்த அடிப்படையில்? கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டுபிடிக்கும் பரிசோதனையும் இதே பட்டியலில் கிடந்தது. 2020 மார்ச் முதல் மே வரை நாட்டின் 41 புற்றுநோய் மையங்களில் புதிதாகப் பதிவான நோயாளிகள் முந்தைய ஆண்டை விட 54 சதவீதம் குறைவு. நோய் குறையவில்லை, வரவு குறைந்தது. வராமல் போன பெண் மறு ஆண்டு முற்றிய நிலையில் வந்திருப்பாள்.

கருக்கலைப்புக்குக் காலக்கெடு சட்டத்திலேயே இருக்கிறது. அப்போது அது பொதுவாக 20 வாரம். சில வகைப் பெண்களுக்கு 24 வாரமாக நீட்டிய திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2021 செப்டம்பரில். பேருந்து ஓடவில்லை, மருந்துக் கடையில் மாத்திரை இல்லை, தனியார் கிளினிக்குகள் பூட்டியிருந்தன. 2020 மார்ச் 25 முதல் ஜூன் 24 வரையிலான மூன்று மாதத்தில் 18.5 லட்சம் பெண்களுக்குக் கருக்கலைப்புச் சேவை தடைபட்டிருக்கும் என்று ஐபாஸ் டெவலப்மெண்ட் ஃபவுண்டேஷன் மதிப்பிட்டது. தொலைபேசியில் மருத்துவரிடம் பேசலாமே என்று அப்போது சொன்னார்கள். மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்றே தொலைமருத்துவ விதிகளை வெளியிட்டது நல்ல வேலைதான். ஆனால், சொந்தமாகப் பயன்படுத்தக் கைபேசி வைத்திருந்த இந்தியப் பெண்கள் 54 சதவீதம். மாமியாரும் கணவனும் இருக்கும் ஒற்றை அறையில், கணவனின் போனில், எந்தப் பெண் வெள்ளைப்படுதலைப் பற்றியோ வேண்டாத கர்ப்பத்தைப் பற்றியோ பேசுவாள்? ரத்த அழுத்தத்தையும் கருவின் வளர்ச்சியையும் போனில் அளக்கவும் முடியாது.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. கரோனா கர்ப்பிணிகளுக்கு உண்மையிலேயே ஆபத்தாக இருந்தது, ஆகவே கடுமை தேவைப்பட்டது என்பதே அது. முதல் பாதியை மறுக்க இடமில்லை. தொற்றுக்கு ஆளான கர்ப்பிணிகள், பிரசவித்தவர்கள் பற்றி ஐசிஎம்ஆர் பராமரித்த பதிவேட்டில், முதல் அலையில் இறந்தவர்கள் 0.7 சதவீதம், இரண்டாம் அலையில் 5.7 சதவீதம். எட்டு மடங்கு! சரி, இவ்வளவு ஆபத்து என்றால் தடுப்பூசி வரிசையில் அவர்களுக்கு முன்னிடம் கிடைத்திருக்க வேண்டுமே? நடந்தது நேர்மாறு. 2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் தடுப்பூசி போடத் தொடங்கியபோது கர்ப்பிணிகளுக்குப் போடக் கூடாது என்றார்கள். ஏப்ரலில், 35,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் தரவுகளோடு அமெரிக்க ஆய்வு வெளியாகி, கவலைக்குரிய அறிகுறி எதுவும் தெரியவில்லை என்றது. அதே மாதம் பிரிட்டன் தன் கர்ப்பிணிகளுக்கு அனுமதி அளித்தது. அமெரிக்கத் தரவு வேறு வகைத் தடுப்பூசியைப் பற்றியது, நம் தடுப்பூசிகளுக்கு அது நேரடியாகப் பொருந்தாது என்பது உண்மையே. அப்படியென்றால் நம் தடுப்பூசிகளைப் பற்றிய தரவை யார் சேர்த்திருக்க வேண்டும்? பாலூட்டும் தாய்மாருக்கு மே 19 அன்றும் கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2 அன்றும் மத்திய அரசு அனுமதி தந்தது. அதற்குள் இரண்டாம் அலையின் உச்சம் வந்து போய்விட்டது. தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த வரலாறு மருத்துவ உலகை அச்சுறுத்துவதில் நியாயம் உண்டு. ஆனால், அந்த வரலாறு கேட்பது கவனமான சோதனையை. சோதனையிலிருந்தே கர்ப்பிணிகளை விலக்கிவிட்டு, பிறகு தரவு இல்லை என்று கையை விரிப்பதைப் பாதுகாப்பு என்று ஏற்க முடியாது. பிரசவ அறையில் ஆபத்து என்று சொல்லிக் கதவை மூடியவர்கள், தடுப்பூசி முகாமில் அதே ஆபத்தை மறந்தார்கள்.

மருத்துவர்களும் செவிலியர்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள், அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா என்று கேட்கலாம். ஏற்றவில்லை. முதல் மாதங்களில் கவச உடைக்கே தட்டுப்பாடு. ஆஷா பணியாளர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கரோனா கணக்கெடுக்க மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாகத் தரப்பட்டது. கர்ப்பிணிகளைப் பார்க்கப் போக வேண்டிய அதே கால்கள்தாம் அதற்கும் நடந்தன. முடியும் என்று காட்டியவர்களும் இந்தப் பணியாளர்களே. மும்பையின் நாயர் மருத்துவமனை தொற்றுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பிரசவம் பார்த்தது. அதுவும் அரசு நிறுவனம்தான், அங்கும் அதே தட்டுப்பாடுதான். வேறுபாடு, பிரசவம் நடந்தே தீரும் என்று முன்கூட்டித் திட்டமிட்டதில் இருக்கிறது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு ஏழாண்டு வரை சிறை என்று 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தை 2020-இல் திருத்தினார்கள். வரவேற்க வேண்டிய திருத்தம். ஆனால், வலியோடு வந்தவளைத் திருப்பி அனுப்பினால் என்ன என்பதற்கு அந்தத் திருத்தத்தில் ஒரு சொல்கூட இல்லை. அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சை மறுக்கப்பட்டால் அது உயிர் வாழும் உரிமையை மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே, மேற்கு வங்க வழக்கொன்றில் தீர்ப்பளித்துவிட்டது. கால் நூற்றாண்டு கழித்தும் அந்தத் தீர்ப்பு மருத்துவமனை வாசலை எட்டவில்லை.

உலக சுகாதாரப் பேரவை 2025 மே மாதம் பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றிருக்கிறது. ஜெனிவாவில் முடிவானது நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேர நாளாகும். அதுவரை காத்திருக்கத் தமிழகத்துக்கு அவசியமில்லை. 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. முகக்கவசம் அணியாதவரிடம் 200 ரூபாய் அபராதம் வசூலிக்க 2020 செப்டம்பரில் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே வேகத்தில் இன்னொரு திருத்தத்தையும் செய்யலாம். பெருந்தொற்றுக் காலத்தில் பரிசோதனை முடிவைக் காரணம் காட்டிப் பிரசவத்தை மறுக்கும் அரசு, தனியார் மருத்துவமனை எதுவானாலும் அது குற்றம்; ஒரு பிரசவத் துணைக்கு அனுமதியும் கவச உடையும் மருத்துவமனையின் பொறுப்பு; கிராமச் சுகாதாரச் செவிலியரைக் கர்ப்பிணிப் பராமரிப்பிலிருந்து வேறு பணிக்கு மாற்றக் கூடாது; தாய் இறப்பு, இறந்து பிறந்த சிசுக்கள், திருப்பி அனுப்பப்பட்ட கர்ப்பிணிகள், தள்ளிப்போன மகளிர் அறுவை சிகிச்சைகள் ஆகியவற்றின் எண்ணிக்கை மாவட்டவாரியாக வாரந்தோறும் தொற்று எண்ணிக்கையோடு சேர்ந்தே வெளியிடப்பட வேண்டும். தொற்று இல்லாத இந்தக் காலத்திலேயே சட்டமன்றம் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.